தலவரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்: கட்டியவர் பெயரையும் எழுதுங்கள்

கோயில் வாசலில் பலகை எழுதுபவர்களுக்கும், தலவரலாற்றுப் புத்தகம் அச்சடித்து விற்பவர்களுக்கும், வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்லும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

காவிரிக் கரைக் கோயில்களில் கையில் ஒரு டார்ச் லைட்டோடு சுவரைப் படித்துக்கொண்டு திரிகிற ஆள் நான். உங்களை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். இருபது ரூபாய்ப் புத்தகங்களை வாங்கி வீட்டில் ஓர் அலமாரித் தட்டு நிறைய அடுக்கியும் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு விஷயம் கேட்கப் போகிறேன்.

உங்கள் பலகைகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இத்தலம் மிகவும் தொன்மையானது. இந்திரன் பூஜித்தான். இன்னாருக்கு இன்ன தோஷம் நீங்கியது. தலவிருட்சம் இது, தீர்த்தம் இது. திருமணத் தடை நீங்க இத்தனை வாரம் விளக்கேற்ற வேண்டும். கடைசியில், இடம் மிஞ்சினால், ‘சோழ மன்னர்களால் கட்டப்பட்டது’ என்று ஒரு வரி. சில ஊர்களில் அந்த வரி ‘கரிகால் சோழனால் கட்டப்பட்டு ராஜராஜ சோழனால் புதுப்பிக்கப்பட்டது’ என்று நீளும். கரிகாலனும் ராஜராஜனும் நம் ஊரில் கட்டாத கோயிலே கிடையாது போலிருக்கிறது.

புராணத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பக்தர்கள் அதைப் படிக்கத்தான் வருகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். நான் பேச வந்தது அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும். அந்த ‘மன்னர்களால்’ என்ற சொல் பல ஊர்களில் தவறு. கட்டியவர் அரசி. அவர் பெயர் அதே கோயிலின் சுவரில், அதே பலகையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களில் பலர் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். செம்பியன் மாதேவியார். மழவரையர் மகள். முதலாம் பராந்தக சோழனின் மகன் கண்டராதித்தரின் மனைவி. உத்தம சோழனின் தாய். கல்வெட்டுகள் அவரை ‘ஸ்ரீ உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்’ என்று சொல்லும். 941-இல், மாமனார் ஆட்சியில் இருக்கும்போதே, கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைத்த மருமகளாக நமக்குத் தெரிய வருகிறார். 1001 வாக்கில், ராஜராஜன் ஆட்சியின் நடுவில், திருவக்கரையில் கல் கோயில் எழுப்பிய மூதாட்டியாகக் கடைசியாகத் தெரிகிறார். நடுவில் அறுபது ஆண்டுகள். பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தமன், ராஜராஜன் என்று ஆறு அரசர்களின் காலத்தைப் பார்த்தவர். கணவர் 957 வாக்கில் மறைந்துவிட்டார். அவரைக் கல்வெட்டுகள் ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்கின்றன. அது எந்த மேற்கு, ஏன் போனார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை விடுவோம். அதற்கப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த அம்மையார் ஊர் ஊராகப் பழைய கோயில்களைக் கல்லில் எடுத்துக் கட்டினார். கோனேரிராஜபுரம், திருக்கோடிக்காவல், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அறநெறி, திருவக்கரை. பட்டியல் இன்னும் நீளும், இந்த மடலுக்கு இது போதும்.

கோனேரிராஜபுரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பெயர் திருநல்லம். அங்கே போனவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது அந்தப் பெரிய நடராஜரைத்தான், தேடவும் வேண்டும். வார்ப்பு சரியாக வராமல் சிற்பி தவித்தார், வயதான தம்பதி வந்து தண்ணீர் கேட்டார்கள், ‘உலோகக் குழம்புதான் இருக்கிறது, குடியுங்கள்’ என்று சிற்பி எரிச்சலில் சொல்ல, அவர்கள் குடித்துவிட்டு நடராஜராகவும் சிவகாமியாகவும் நின்றார்கள் என்ற கதையை யாராவது சொல்லாமல் உங்களை வெளியே விடமாட்டார்கள். உடம்பில் மச்சம் இருக்கிறது, ரோமம் இருக்கிறது என்று காட்டுவார்கள். நல்ல கதை. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

கதை முடிந்து எல்லோரும் அர்ச்சனைத் தட்டோடு நகர்ந்ததும், கருவறையைச் சுற்றித் தென்புறச் சுவருக்கு வாருங்கள். அங்கே ஒரு சிறிய சிற்பம் இருக்கிறது. ஒருவர் லிங்கத்தைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். எண்ணெய்க் கறையும் தூசியும் படிந்த இடம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால்தான் எழுத்து எழுந்து நிற்கும். அதன் கீழே உள்ள கல்வெட்டைச் சுருக்கிச் சொன்னால்: கண்டராதித்த தேவரின் தேவியார் செம்பியன் மாதேவியார், தம் மகனார் மதுராந்தக தேவரான உத்தம சோழர் அரசாண்டுகொண்டிருக்கையில், தம் கணவர் கண்டராதித்த தேவர் பெயரால் திருநல்லமுடையாருக்குக் கற்றளி (கல் கோயில்) எடுப்பித்தார். அந்தக் கற்றளியிலேயே, திருநல்லமுடையாரைத் ‘திருவடித் தொழுகின்றாராக’ அவர் எழுந்தருளுவித்த கண்டராதித்த தேவர் இவர்.

‘இவர்.’ ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் சிற்பத்தின் கீழே எழுதி வைத்த விளக்கக் குறிப்பு அது. அருங்காட்சியகத்தில் பொருளுக்குக் கீழே அட்டை வைப்பார்களே, அந்த வேலையை அந்த அம்மையார் அப்போதே செய்துவிட்டார். யார் கட்டினார், எப்போது கட்டினார், யார் பெயரால் கட்டினார், இந்த உருவம் யாருடையது என்ற நான்கு கேள்விக்கும் ஒரே வாக்கியத்தில் பதில். உங்கள் பலகைக்கு இதைவிடத் தயாரான வாசகம் எங்கே கிடைக்கும்?

அத்தோடு நிற்கவில்லை. அதே கோயிலில் இன்னொரு கல்வெட்டு, இந்தக் கற்றளியை முன்னின்று செய்வித்தவர் யார் என்றும் சொல்கிறது. ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் அரசரணசேகரன். ராஜகேசரி மூவேந்தவேளான் என்று பட்டம் பெற்றவர். பணம் போட்ட அரசியின் பெயர், நினைவுகூரப்படும் கணவரின் பெயர், ஆளும் மகனின் பெயர், வேலையை நடத்தியவரின் பெயர் எல்லாம் இருக்கிறது. இவை அச்சில் ஏறி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது. மத்திய அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் மூன்றாவதை எடுத்தால் கிடைக்கும். யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பார்த்து எழுதினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கோயில்களில் டியூப் லைட் கொடுத்தவர் பெயர் இல்லாமல் டியூப் லைட் எரியாது. ‘உபயம்’ என்று போட்டு, பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடை விலாசம் வரை சிவப்புப் பெயின்டில் எழுதி, வெளிச்சம் வெளியே வரக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதில் தப்பே இல்லை. விளக்கு கொடுத்தவர் பெயரை எழுதுவது நம் பழைய வழக்கம்தான். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரியத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தால், கொடுத்தவர் யார், ஆட்டை வைத்துக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்கப் பொறுப்பேற்றவர் யார் என்றெல்லாம் கல்லில் வெட்டினார்கள். நான் கேட்பது என்னவென்றால், விளக்குக்கும் மின்விசிறிக்கும் இந்த மரியாதை உண்டென்றால் கோயிலையே கொடுத்தவருக்கு ஒரு வரி கிடையாதா?

கொடுத்தவர் பெயரைக் காப்பாற்றுவதில் இந்த அரசி எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்குத் திருக்கோடிக்காவல் போக வேண்டும். எனக்குத் தெரிந்த சோழர் காலச் செய்திகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கதிராமங்கலத்துக்குப் பக்கத்தில், காவிரியை ஒட்டிய ஊர். அங்கே பழைய கோயிலைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கல்லில் கட்ட வேண்டும். பழைய கோயிலிலோ, அதற்கு முன் யார் யாரோ கொடுத்த நிலம், பொன், விளக்கு பற்றிய கல்வெட்டுகள் கிடந்தன. பல்லவர் காலத்துக் கொடைகள்கூட அதில் உண்டு. அந்த வம்சமே ஆட்சியை இழந்து போய்விட்டது. கொடுத்தவர்களின் பேரன்கள்கூட உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ‘இது இனிமேல் என் கோயில், என் பெயர் போதும்’ என்று விட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. செம்பியன் மாதேவியார் அப்படிச் செய்யவில்லை. பழைய கற்களில் இருந்ததைப் படி எடுக்கச் சொல்லி, புதிய சுவரில் மறுபடியும் வெட்ட வைத்தார். அப்படி வெட்டியவை இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றும் பழையதன் நகல் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் போட்டார்கள்.

அந்த ‘இதுவும்’ என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். ஒன்றை வெட்டி முடித்து அடுத்ததுக்கு நகர்ந்து, ‘சரி, இதுவும் பழசுதான்’ என்று உளிக்காரர் எழுதிக்கொண்டே போவது காதில் விழுகிற மாதிரி இருக்கும். எதையும் விட்டுவிடாமல், தன் வம்சத்தின் பெருமையாக மாற்றி எழுதாமல், உள்ளதை உள்ளபடி படியெடுத்து ‘நகல்’ என்று ஒப்புக்கொண்டு வைத்த நேர்மை அது.

இப்போது நம் காலத்துத் திருப்பணியைப் பார்ப்போம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோயிலில், நான் முன்பு படித்த ஒரு கல்வெட்டின் மேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். கழுவிவிட வசதி என்றார்கள். வேறோர் ஊரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் ‘சுத்தம்’ செய்ததில் எழுத்தெல்லாம் மழுங்கி, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள்தான் மிச்சம். கும்பாபிஷேக அழைப்பிதழில் மட்டும் நாற்பது பெயர் இருந்தது. பலகை எழுதுபவர்களான உங்களுக்கும் திருப்பணிக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் வாசலில் ‘இந்தச் சுவரில் இன்னார் எழுதிய கல்வெட்டு இருக்கிறது’ என்று ஒரு பலகை நின்றால், அதன் மேல் டைல்ஸ் ஒட்ட வருகிறவர் ஒரு நிமிஷம் தயங்குவார். உள்ளூர்க்காரர் ஒருவராவது கேள்வி கேட்பார். உங்கள் ஒரு வரிக்கு அந்த பலம் உண்டு.

‘அரசிகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தக் காலத்தில் அரசனே பெண்கள் பெயரை எழுதினானா’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எழுதினான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தினமும் ஆயிரக்கணக்கில் போகிறோம், அதன் விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் சொன்ன உத்தரவு இருக்கிறது: ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக. தனக்கு அடுத்தபடியே அக்கா குந்தவை, அப்புறம் மனைவியர், அப்புறம் மற்ற எல்லோரும். அந்த ‘மற்றும் குடுத்தார்’ வரிசையில் அதிகாரிகளும் வருகிறார்கள். குந்தவை கொடுத்த பொன்னும் நகையும் எடை போட்டு எழுதப்பட்டிருக்கின்றன. தன் தந்தைக்கும் தாய்க்கும் அங்கே அவர் திருமேனி செய்துவைத்ததும் இருக்கிறது. பேரரசன் தன் உத்தரவில் ஏற்றிய பெயர்களை ஆயிரம் ஆண்டு கழித்து நாம் ‘சோழ மன்னர்களால்’ என்று சுருக்கிவிட்டோம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரம் என்ற ஊரில் இதே குந்தவை சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் தனித்தனியே கோயில் எடுத்தார். அந்த ஊர்ப் பக்கம் போகிறவர்கள் எத்தனை பேர்?

திருவையாற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐயாறப்பர் கோயிலில் ஒரு மூலையில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எல்லோரும் கூப்பிடுகிறோம், நானும்தான். அதே வளாகத்துக்குள் வடகைலாயம் ராஜராஜனின் தேவி உலகமகாதேவியார் கட்டியது. தென்கைலாயம் ராஜேந்திரனின் தேவி பஞ்சவன் மாதேவியார் எடுத்தது. ஒரே மதிலுக்குள் இரண்டு தலைமுறை அரசியர். அந்த வாசல்களைத் தாண்டித்தான் எதிரொலி கேட்க ஓடுகிறோம். இதற்குமேல் அந்த ஊரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அசோகா அல்வா அருமை.

எல்லாமே கொடையும் கட்டடமுமாகப் பேசிவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். அரசியர் வாழ்வின் இன்னொரு பக்கமும் கல்லிலேயே இருக்கிறது. செய்யாற்றுப் பக்கம் பிரம்மதேசம் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு. 1044-இல் ராஜேந்திர சோழன் இறந்தபோது அவருடைய தேவி வீரமாதேவியார் உடன் தீப்புகுந்ததைச் சொல்கிறது. அவருடைய சகோதரர் ஒரு சேனாபதி. தீயில் இறங்கிய சகோதரிக்குத் தாகம் தணியட்டும் என்று அங்கே தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்தார். கங்கையும் கடாரமும் என்று நாம் முழங்குகிற அதே அரசனின் சாவில் நடந்தது இது. படைத்தலைவராக எத்தனையோ களம் கண்டிருக்கக்கூடிய ஒரு மனிதர், சகோதரி விஷயத்தில் செய்ய முடிந்தது வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது ஒன்றுதான். இதைப் பலகையில் போடும்போது ‘கற்பின் பெருமை’ என்று தயவுசெய்து தலைப்பு வைக்காதீர்கள். நடந்ததை மட்டும் போடுங்கள். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியார் பால்குடி மாறாத குழந்தையை விட்டுத் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு பாட்டாகவே பாடுகிறது. அதே குடும்பத்தில், அதே காலத்தில், கணவர் போன பின் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து கோயில் கோயிலாகக் கட்டிய செம்பியன் மாதேவியாரும் இருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அரண்மனைப் பெண்கள் வாழ்வு கொஞ்சமாவது பிடிபடும்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. சமீப காலமாகச் செல்போனைத் திறந்தால் சோழர்தான். நாவல், சினிமா, இரண்டு நிமிட வீடியோ. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாளுக்கொரு துப்பறிவாளர் கிளம்புகிறார். உத்தம சோழனை வில்லனாக்குகிறார்கள், அந்தக் கூட்டத்தில் தாயையும் இழுத்து ஒரு சதிகாரியாகவோ, இல்லையென்றால் உலகமே வேண்டாம் என்று உருகும் சாமியாரம்மாவாகவோ ஆக்கிவிடுகிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டு கொலைக் குற்றத்தில் சொல்லும் பெயர்கள் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோருடையவை. அவர்கள், உறவினர்கள் ஆகியோரின் சொத்துகளை ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பறிமுதல் செய்த செய்தி அது. அதற்கு மேல் நீட்டுவது அவரவர் கற்பனை.

என்னைக் கேட்டால் அந்த அம்மையார் பக்தர்தான், ஆனால் வெறும் பக்தர் இல்லை. சிம்மாசனம் கணவரிடமிருந்து மைத்துனர் கிளைக்குப் போனது, பிறகு தன் மகனுக்கு வந்தது, மறுபடி கைமாறியது. இந்த இழுபறிக்கு நடுவே, மறைந்த கணவர் பெயரில், மகன் ஆட்சியில், ஊர் ஊராகக் கல்லில் கோயில் எழுப்புவது அரசியலும்தான். ‘இந்த வம்சக் கிளைக்கும் உரிமை உண்டு’ என்று சொல்லாமல் சொல்வது அது. அரசியல் தெரிந்த பெண் என்று எழுதினால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. 985-இல் மகன் போய் ராஜராஜன் வந்த பிறகும் அவர் மதிப்பு குறையவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்வை பார்க்கும் அதிகாரியாக இருந்தான். 1019-இல் ராஜேந்திரன், நாகப்பட்டினம் பக்கம் அந்த அரசியின் பெயரிலேயே உள்ள செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவருக்குப் படிமம் வைத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தான். அந்த ஊர்க் கல்வெட்டில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: உத்தம சோழனின் தேவியர் பலர், அதாவது அவருடைய மருமகள்கள், மாமியாரின் பிறந்த நட்சத்திரமான கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நடக்க நிவந்தம், அதாவது அறக்கொடை, கொடுத்திருக்கிறார்கள். ஒரு மருமகள் என்றால் மரியாதைக்கு என்று விட்டுவிடலாம். இத்தனை பேர் சேர்ந்து மாமியார் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள் என்றால் அதைப் பலகையில் போடுவதில் என்ன கஷ்டம்? படிக்கிறவர்கள் நின்று படிப்பார்கள், நான் உத்தரவாதம்.

அவருடையது என்று பலரும் நம்பும் ஒரு செப்புத் திருமேனி இன்று வாஷிங்டனில் இருக்கிறது. ஃப்ரியர் கலைக்கூடம் 1929-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அது அரசியின் உருவமா, பார்வதியா என்று வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலிலிருந்து போனது என்று சொல்லித் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீசார் மீட்க முயற்சி எடுத்திருக்கிறார்கள். சிலை திரும்பி வந்தால் மேளதாளத்தோடு வரவேற்போம். ஆனால் சிலை அமெரிக்காவில் இருக்கிறது என்று வருத்தப்படுகிற நாம், சுவர் கோனேரிராஜபுரத்திலேயே இருப்பதைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு விசா தேவையில்லை, கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் போதும்.

உங்கள் பக்கத்துச் சிரமங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. பலகையில் இடம் குறைவு. நிர்வாகம் ‘பரிகாரம்’ பத்தியைப் பெரிசாகப் போடச் சொல்லும். கல்வெட்டு வாசகம் பழைய நடை, எல்லோருக்கும் புரியாது. சில ஊர்களில் கட்டியவர் யார் என்று கல்வெட்டு தெளிவாகச் சொல்லவும் இல்லை. அங்கே கொடை கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். அந்த ஊர்களில் இழுத்துப்பிடித்துச் செம்பியன் மாதேவியார் பெயரைப் போட வேண்டாம். இன்னொரு கரிகாலனை உருவாக்கிய பாவம் எனக்கு வேண்டாம். கல்வெட்டு சொல்லும் இடத்தில் மட்டும் போடுங்கள். தெரியாத இடத்தில் ‘சோழர் காலம், 10-ஆம் நூற்றாண்டு’ என்று நிறுத்திக்கொண்டால் அதுவே பெரிய உபகாரம். பாடல் பெற்ற தலம் என்பதும் இப்போது நிற்கும் கல் கட்டடம் என்பதும் வேறு வேறு காலம் என்பதையும் ஒரு வரியில் பிரித்துச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழப்பம் தீரும்.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று கோனேரிராஜபுரத்துக்கு நானே ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன். உங்களுக்குப் பிடித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் எங்கும் வேண்டாம்:

‘இவ்வூரின் பழம்பெயர் திருநல்லம். 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் இத்தலத்து இறைவனைப் பாடினார்கள். இப்போது நீங்கள் காணும் கற்கோயில் அதற்குப் பின் எழுந்தது. உத்தம சோழர் ஆட்சியில் (970–985) அவருடைய தாயார் செம்பியன் மாதேவியார், தம் கணவர் கண்டராதித்த தேவர் பெயரால் இதைக் கட்டுவித்தார். கண்டராதித்தர் இறைவனை வணங்கும் சிற்பத்தைக் கருவறையின் தென்புறச் சுவரில் காணலாம். கட்டிய செய்தி அதன் கீழே கல்வெட்டாக உள்ளது. கட்டட வேலையை நடத்தியவர் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன். கல்வெட்டின் மேல் எண்ணெய், விபூதி, குங்குமம் பூச வேண்டாம்.’

எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வரிதான். பரிகாரப் பத்தி அப்படியே இருக்கட்டும், நடராஜர் கதையும் இருக்கட்டும். இவற்றுக்குக் கீழே இது போனால் போதும். இடம் போதவில்லை, பெயின்டர் இரண்டு வரி குறைக்கச் சொல்கிறார் என்றால் ஆட்சியாண்டை எடுத்துவிடுங்கள், பழம்பெயரைக்கூட எடுத்துவிடுங்கள். அரசியின் பெயரையும் சாத்தன் குணபத்தன் பெயரையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் இருபது ரூபாய்ப் புத்தகங்களின் பழைய வாடிக்கையாளர்